ஆள் வருது

சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி என் மதினியிடம் சாதாரணமாக இரண்டு கேள்விகள்தான் கேட்டார். இரண்டுக்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

"சொந்த ஊர் எதும்மா?"

"கோயிலுங்க."

"எந்தக் கோயில்?"

"கோமதியம்மன் கோயிலு."

"அது ஊராம்மா? சரி, வீட்டுக்காரர் பேரு?"

மதினி திரும்பி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைக் கைகாட்டினாள். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் சார். ஊரு சங்கரன்கோவில். இவங்க வீட்டுக்காரரு எங்க அண்ணன், பேரு சங்கரநாராயணன். இவங்க அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தபடியே முத்திரை குத்தினார். "அவரு உங்ககூட வரலியாம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"பின்னால வருதாவ" என்றாள் மதினி.

அவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வரிசையில் அப்படி யாரும் இல்லை.

அண்ணன் காணாமல் போய் மூன்று வருடமாகிறது. விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், சாப்பாட்டு நேரத்தில் "இந்தா வாரேன்" என்று மொபட்டை எடுத்துக்கொண்டு போனான். வண்டி வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் சாவியோடு நின்றது. குளத்தை அலசிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் கிடையாது, வீட்டில் சண்டை கிடையாது. பழனியில் பார்த்தேன், திருச்செந்தூரில் தாடியோடு பார்த்தேன் என்று சொன்னவர்களையெல்லாம் நம்பி நாங்கள் ஓடி ஓடி ஓய்ந்தோம்.

மதினி பேச்சியம்மாளுக்குப் பிறந்த ஊர் திருவேங்கடம். கல்யாணமாகி வந்த நாள் முதல் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அவன் பெயரில் பாதி ஊர்ப் பெயருக்குள்ளேயே இருப்பதால் ஊரையும் சொன்னதில்லை. பஸ்ஸில் "கோயிலுக்கு ரெண்டு" என்பாள். பழைய கண்டக்டர்களுக்கு விஷயம் தெரியும். புதியவர்கள் முழிப்பார்கள், நான் சொல்லிச் சீட்டு வாங்குவேன். அண்ணன் போன பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் அவள் ஜன்னலோரம், நான் இந்தக் கடைசி. நடுவில் இடம் கிடக்கும். யாராவது வந்து கேட்டால் "ஆள் வருது" என்று சொல்லிவிடுவாள். பஸ் ஊர் போய்ச் சேரும்வரை ஆள் வராது.

இந்தப் புரட்டாசியில் எங்கள் பெரியப்பா ஒரு முடிவுக்கு வந்தார். மகாளய அமாவாசை அன்று அண்ணன் பெயரையும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடலாம், போனவன் ஆத்மா எத்தனை நாளைக்கு அலையும் என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "அம்மா சரின்னா செய்யுதேன்" என்று நழுவிவிட்டான். ஆகவே மதினி சரி என்றால் அண்ணன் செத்தவன். இல்லை என்றால் இருப்பவன். அவள் என்னிடம் வந்து, "ஏட்டி கோமதி, அந்த அமாவாசைக்கு நான் ஊருல இருக்க மாட்டேன். எங்கயாவது கண்காணாத தேசத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

எனக்கு அதில் சந்தோஷம்தான். நான் அறிவியல் டீச்சர். உடல் கிடைக்காமல் ஒருவனைச் செத்தவன் என்று எழுத எனக்கு மனம் வராது. அண்ணன் எங்கேயோ இருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. எனக்குக் காலாண்டு விடுமுறை. எங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியர் ஒருமுறை ஒரு படம் காட்டியிருந்தார். பாதி சிவன், பாதி பெருமாள், கல்லில் செய்த நின்ற கோலம். அப்படியே நம்ம ஊர் சாமி, அண்ணனுக்குப் பேர் தந்தவர். இருப்பது கம்போடியாவில் என்றார். "நம்ம சாமி அங்கன போய் என்னத்துக்கு நிக்காரு?" என்றாள் மதினி. அதைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

ஆளுக்கொரு முதுகுப்பை. மதினிக்கு என் மகனின் காலேஜ் பை. கண்டாங்கிச் சேலைக்கு மேலே கறுப்பு வார்கள் இரண்டும் குறுக்கே போக, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை மாதிரி இருந்தாள். உள்ளே இரண்டு சேலை, இட்லிப்பொடி, சீவல், திருநீறு, கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம். எதிரே வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்களைவிடப் பெரிய மூட்டைகளோடு குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். "இதை நம்ம பூ மார்க்கெட்டுல சுமந்தா கூலியாவது குடுப்பான்" என்றாள்.

தலைநகரில் ஒரு நாள்தான் இருந்தோம். தெருவெல்லாம் கருவாட்டு வாசனை. மீனை நொதிக்கவைத்து எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறார்கள். மதினிக்குக் கருவாடு என்றால் உயிர். ஆனால் புரட்டாசி. மூக்கைப் பொத்திக்கொண்டு, வாழைப்பழத்தை அரிசிக்குள் வைத்து இலையில் கட்டி அவித்த ஒரு பண்டத்தை வாங்கித் தின்றோம். நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். கடைகளில் எங்கே பார்த்தாலும் அதையே அடுக்கி வைத்திருந்தார்கள்.

மறுநாள் தெற்கே தாக்கியோ என்ற சின்ன ஊருக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டுக்டுக் ஆட்டோக்காரர் ஓடிவந்து, "எத்தனை பேரு?" என்றார். சுத்தமான தமிழ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் வன்னா. நாற்பது வயதிருக்கும். மலேசியாவில் ஒரு தமிழர் ஓட்டலில் மேசை துடைத்தவராம். அவருடைய தமிழ் மொத்தமும் அந்த ஓட்டலுக்குள் அடங்கிவிடும். எத்தனை பேரு, சாப்டாச்சா, சுடச்சுட, போதுமா. மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம்.

"ரெண்டு பேரு" என்றேன். மதினி டுக்டுக்கில் ஏறி ஓரமாக உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டாள்.

போகும் வழியில்தான் அந்தப் பண்டம் ஏன் எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கிறது என்று வன்னா சொன்னார். இந்தப் பதினைந்து நாளும் இங்கே செத்தவர்களுக்கு விடுமுறையாம். கதவைத் திறந்து விட்டுவிடுவார்களாம். அவர்கள் ஏழு கோயில் ஏறி இறங்கித் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடுவார்களாம். யாரும் சோறு வைக்காவிட்டால் பட்டினியாகத் திரும்ப வேண்டியதுதான். வருகிற அமாவாசையோடு கதவு மூடிவிடும். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, மதினி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். தப்பித்து வந்த இடத்தில் அதே அமாவாசை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

சாமி இருக்கும் ஊருக்குப் படகில் போக வேண்டும், வன்னாவும் எங்களோடு ஏறிக்கொண்டார். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் வயல், ரோடு எல்லாம் ஒரே தண்ணீர். அதற்கு நடுவே பனைமரங்கள், இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் எப்படி நிற்குமோ அப்படியே. ஆனால் நிழல் மட்டும் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கியது. ஒரு பறவைகூட இல்லை. படகு இஞ்சின் சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருந்தது.

சின்ன அருங்காட்சியகத்தில் நம் சாமி நின்றார். பாதி முடி சடை, பாதி கிரீடம். முகத்தில் லேசான சிரிப்பு. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மதினி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். "கை இல்லியேட்டி" என்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காவலாளி சிரித்துக்கொண்டே வன்னாவிடம் ஏதோ சொன்னார். இது பிரதி என்றார் வன்னா. அசல் வேறு எங்கேயோ இருக்கிறது.

"அப்ப நெசமான ஆளு எங்க?" என்று மதினி கேட்டாள். அந்தக் கேள்வியை நான் வன்னாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் வழியில் படகின் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது. உச்சிவெயில். படகுக்காரர் பக்கத்தில் இருந்த ஒரு திட்டில் ஒதுக்கினார். நாலைந்து பனை, புல், நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதற்கு மஞ்சள் துணி சுற்றி, முன்னால் ஊதுபத்தி கொளுத்திய டப்பா, ஒரு தட்டில் காய்ந்த சோறு. வெள்ளம் சுற்றி நின்றாலும் புற்று நனையவில்லை.

புற்றைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்கள் யோசிக்க மாட்டோம். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டுக் கரையவிடுவோம். சிரங்குக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். நோய்க்கிருமி பற்றிப் பாடம் நடத்தும் நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். வன்னா படகோடு நின்று பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் நேரே புற்றிடம் போனோம், ஆளுக்கொரு சிட்டிகை கிள்ளினோம், நெற்றியில் இட்டோம், வாயில் போட்டோம்.

நம்ம மண் மாதிரி அது உடனே கரையவில்லை. நறநறவென்று பல்லில் கடிபட்டது. லேசாக உப்புக் கரித்தது.

பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு அம்மாள் சின்னத் தோணியில் வந்து கரையேறி நின்றார். வெட்டிய தலைமுடி, அறுபது வயது, கையில் சோற்றுப் போசி. எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வன்னா ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு வன்னா என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவங்க கேக்கறாங்க. உங்க ஆளு யாரு இங்க இருக்காங்கன்னு."

யாரும் இல்லை, எங்கள் ஊரில் இது மருந்து என்று விளக்கினேன். அம்மாள் தலையை ஆட்டினார். இது மருந்தில்லை, அடியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அந்த நாட்டில் 'அந்தக் காலம்' என்று சொன்னால் போதும், எந்தக் காலம் என்று யாரும் கேட்பதில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஆட்சியில் இருந்தவர்களே ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கொன்ற காலம். இங்கே எத்தனை பேர், யார் யார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் தோண்டவில்லை. புற்று தானாக வளர்ந்துவிட்டது.

எனக்கு வாய்க்குள் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. துப்பினால் அவமரியாதை. கடைசியில் விழுங்கினேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு மிடறு மாதிரி வேறெதுவும் இறங்கியதில்லை.

அம்மாளின் பெயர் மாலிஸ். அப்படியென்றால் மல்லிகையாம். அவருடைய அப்பாவையும் இரண்டு அண்ணன்மாரையும், இவர் சிறுமியாக இருந்தபோது கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைத்துப் போனார்கள். திரும்பவில்லை. "இங்கேதான் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது. வீட்டுக்குப் பக்கம் இதுதான். இங்கே யாரோ இருக்காங்க. அவங்களுக்கு வைக்கிறேன்" என்றார். வன்னா சொன்னதை நான் மதினிக்குச் சொன்னேன். மதினி மாலிஸ் அம்மாவையே பார்த்தாள்.

தோணியில் ஏறுமுன் மாலிஸ் அம்மா இன்னொன்று சொன்னார். வன்னா அதை மொழிபெயர்க்கத் தயங்கினார், நான் வற்புறுத்தினேன். இந்த மண்ணைத் தின்றால் ஒருத்தர் எழுந்து கூட வந்துவிடுவார். கூப்பிட ஆளில்லாமல் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறவர்கள். பயப்பட வேண்டாம். அமாவாசை வரைக்கும் சோறு போட்டு, அன்று கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், அவருக்கு வழி தெரியாது.

படகு கிளம்பியது. வன்னா முன்நுனியில், மதினி இந்த ஓரம், நான் அந்த ஓரம், நடுப்பலகை காலி. சிறிது தூரம் போனதும் படகு என் பக்கமாகச் சாய்ந்தது. படகுக்காரர் என்னை மதினி பக்கம் போகச் சொன்னார். போனேன். அப்படியும் காலியாகக் கிடந்த பக்கமே தாழ்ந்தது. அவர் பெட்ரோல் கேனை எடுத்து எங்கள் பக்கம் வைத்தார். அதன் பிறகு நேரானது. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அடியில் தண்ணீர் புகுந்து ஒரு பக்கம் தேங்கியிருக்கும் என்று நான் எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு நூடுல்ஸ் கடை. கறி, மீன் இல்லாமல் என்று வன்னா சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைக்காரப் பெண் மூன்று கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டு" என்று விரலைக் காட்டினேன். அவள் எங்களைப் பார்த்தாள், நடு நாற்காலியைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது கிண்ணம் அங்கேயே ஆவி பறக்க இருந்தது. மதினி சீவலைப் பிரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மதினி, நீங்க நடுவுல எடம் விட்டு உக்காந்தா அவ மூணு பேருன்னுதான் நெனைப்பா. இதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். புற்றிடம் போய் வந்த பிறகு அவள் ஒரு தடவைகூட "ஆள் வருது" என்று சொல்லவில்லை.

தங்கும் விடுதியில் துண்டு மூன்று, சோப்பு மூன்று. அறையில் கட்டில் இரண்டுதான். கீழே போய்ச் சண்டை போட்டேன். வரவேற்பில் இருந்தவர், "மூணு பேர்தானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, உடனே "மன்னிக்கணும்" என்று துண்டை வாங்கிக்கொள்ள எழுந்தார். துண்டைக் கொடுக்காமலே மாடியேறி வந்துவிட்டேன்.

மதினி மூன்றாவது துண்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"யாருன்னு நெனைச்சு இதெல்லாம் செய்யுதிய? அண்ணன்னா? அப்ப அவன் செத்துட்டான்னு முடிவே பண்ணிட்டியளா?"

"உங்கண்ணன் இல்லட்டி. அவுக நடந்தா எனக்குத் தெரியும்." நிதானமாகச் சொன்னாள். "இது வேற ஆளு. யாரு பெத்த பிள்ளையோ. பாவம், எத்தனை வருசமா சோறில்லாமக் கெடந்ததோ. நம்ம ஒரு வா போட்டா என்ன? உங்கண்ணனுக்கும் எங்கனயாவது ஒருத்தி போட்டுக்கிட்டுத்தான இருப்பா."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று வருடமாக அண்ணன் சாப்பிட்டானா, எங்கே படுத்தான் என்று நினைக்காமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் அவன் உயிரோடு, ஒரு ஓட்டலில் காசு கொடுத்துத்தான் சாப்பிடுவான்.

காலையில் எழுந்து பார்த்தால் மூன்று துண்டும் ஈரம். அந்த ஊரில் போட்ட துணி எதுவுமே காய்வதில்லை, காற்றே தண்ணீராக இருக்கிறது. மதினி முகம் துடைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் "இல்ல" என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். கரும்புச்சாறுக்காரர் மூன்று கோப்பை ஊற்றினார். ஒரு குட்டி நாய் டுக்டுக்கின் நடு இருக்கையைப் பார்த்தே குரைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. வன்னாவின் நண்பர் வழியில் நிறுத்தி ஏதோ கேட்க, வன்னா அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "மூணு பேரு." சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மதினி மட்டும் நன்றாக இருந்தாள். மூன்று வருடமாகக் கோழி கொத்துவது போலச் சாப்பிட்டவள், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். பக்கத்துத் தட்டுக்கும் எடுத்து வைத்தாள். எனக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை. எதைத் தின்றாலும் பல்லில் மண் கடிபட்டது.

அமாவாசை அன்று விடியுமுன் கோயிலில் இருக்க வேண்டும் என்று மாலிஸ் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நாதியற்றவர்களுக்கு வெளிச்சம் ஆகாதாம், இருட்டிலேயே சோற்றை இறைத்துவிடுவார்களாம். நாங்கள் கிளம்பிய நேரத்துக்கு, தடையில்லாமல் போயிருந்தால் சரியாக இருந்திருக்கும். வழியில் ரோட்டை வெள்ளம் அறுத்திருந்தது. டுக்டுக் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. நானும் மதினியும் இறங்கித் தள்ளினோம். வன்னா திரும்பிப் பார்த்து, பின்னிருக்கையை ஒரு கணம் வெறித்துவிட்டு, கையைக் கூப்பி ஏதோ சொன்னார். அடுத்த தள்ளலில் வண்டி வெளியே வந்தது. அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. கோயில் முழுக்கக் கூட்டம், வெள்ளைச் சட்டை, சோற்றுப் போசிகள், மைக்கில் பிக்குகளின் ஓதல். மாலிஸ் அம்மா எங்களைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அங்கே பெரிய மரங்கள், பழைய சமாதிகள், ஈரமான நிழல். அவர் நீட்டிய தட்டில் பிசைந்த சோற்று உருண்டைகள் இருந்தன. மேலே கறுப்புக் கறுப்பாக எள்.

எள்ளுருண்டைச் சோறு. எதைத் தொட மாட்டேன் என்று மதினி ஊரைவிட்டே ஓடிவந்தாளோ, அது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பெரியப்பா.

"கோமதி, நாங்க ஆத்தங்கரையில இருக்கோம். ஐயரு உக்காந்துட்டாரு. அவன் பேரைச் சேக்கவா வேண்டாமா? உங்க மதினி வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

போனை அவள் காதில் வைத்தேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிடு, மதினி. மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "இன்னைக்கு நான் வேற ஒருத்தருக்குப் போடுதேன்."

"வேற யாருக்குட்டி?" என்று பெரியப்பா கத்துவது எனக்கும் கேட்டது. மதினி போனை என்னிடம் தந்துவிட்டு உருண்டையை எடுத்தாள்.

பெயர் சொல்லி இறைக்க வேண்டும் என்றார் மாலிஸ் அம்மா. பெயர் சொல்லாவிட்டால் யார் யாரோ வந்து தின்றுவிடுவார்கள். வன்னா மொழிபெயர்த்தார், நான் அவளிடம் சொன்னேன்.

"யாரா இருந்தா என்ன, சாப்பிட்டுட்டுப் போவட்டும்" என்றாள். உருண்டையை நிழலுக்குள் எறிந்தாள். இன்னொன்று. பிறகு தன் பையிலிருந்து எங்கள் கோயில் புற்றுமண் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மரத்தடியில் தூவினாள். "ஐயா, எங்க ஊரு ரொம்பத் தூரம். உமக்கு வழி தெரியாது. இங்கனயே இரும்" என்று, பஸ் ஏற்றிவிட வந்தவரிடம் சொல்வது போலச் சொன்னாள். மாலிஸ் அம்மா குனிந்து, அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் போட்டுக்கொண்டார்.

திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்றார்கள். மதினி பார்க்காமல் நடந்தாள். நான் பார்த்தேன்.

கோழிகளும் ஒரு நாயும் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் ஒரு ஆள் குந்தியிருந்தான். முதுகுதான் தெரிந்தது. கட்டம் போட்ட துண்டு. இடது தோள் வலது தோளைவிட இறங்கியிருந்தது. சின்ன வயதில் தறியில் விழுந்து கை ஒடிந்ததிலிருந்து என் அண்ணனுக்கு இருப்பது போலவே. அன்று அங்கே நூற்றுக்கணக்கான ஆண்கள் இருந்தார்கள். முதுகுப்புறம் பார்த்தால் எந்த நாட்டு ஆணும் ஒன்றுபோலத்தான் இருப்பான். அவன் தின்றுகொண்டிருந்தான். ரொம்பப் பசித்தவன் தின்கிற வேகம். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் திரும்பிவிடுவான் என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.

"ஏட்டி, பாத்தியா?" என்றாள் மதினி, முன்னால் நடந்தபடியே.

"இல்ல மதினி."

அவள் நம்பவில்லை. டுக்டுக்கில் ஏறி, இந்த முறை நடுவில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

மதுரையில் இறங்கி ஊர் பஸ்ஸைப் பிடித்தபோது வெயில் கொளுத்தியது. மூன்று பேர் இருக்கை. மதினி ஜன்னலோரம் போனாள். நான் பழக்கத்தில் இந்தக் கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் இடம். திருமங்கலத்தில் ஒரு அம்மா பையும் கூடையுமாக ஏறி எங்களிடம் வந்து நின்றாள்.

"இங்கன ஆள் வருதா?"

'வருது' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. உக்காருங்க."

அந்த அம்மா கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். உடனே லேசாக எழுந்து இருக்கையைத் தடவிப் பார்த்தாள். "இப்பத்தான் எந்திரிச்சுப் போனாவளா? சீட்டு சூடா இருக்கு" என்றாள்.

வெயில் எங்கள் ஜன்னல் பக்கம் அடிக்கவில்லை. நான் மதினியைப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் தாடைவரை இறங்கியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. கண்டக்டர் புதியவர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்கே என்று கேட்டார். வழக்கம்போல நான்தான் சொல்ல வேண்டும்.

"சங்கரன்கோவில்" என்றாள் மதினி. "ரெண்டு."